பழைய காரில் பி0171 குறியீடு திரும்பத் திரும்ப வருகிறதா? காரணத்தைக் கண்டறியும் முறை

மீட்டர் போர்டில் செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டி, குறியீட்டை அழித்துத் தருகிறார்கள். நான்கு நாள் கழித்து அதே விளக்கு, அதே பி0171. எங்கள் வீட்டு பெட்ரோல் காரில் இது மூன்று முறை நடந்தது. இரண்டாவது முறை ஒரு ஒர்க்‌ஷாப்பில் எக்ஸாஸ்ட் புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து கணினிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரையே மாற்றினார்கள். அதற்குப் பிறகும் விளக்கு வந்தது. ஒழுங்கான வரிசையில் சோதித்திருந்தால் அந்தச் செலவு நேர்ந்திருக்காது என்பதால், வண்டி வேலையில் பழக்கமில்லாதவர்களும் பின்பற்றும்படி அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

பி0171 என்பது எந்த உதிரிபாகத்தின் பெயரும் அன்று. கலவை 'லீன்' ஆக இருக்கிறது, அதாவது உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்கவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த விகிதம் தவறும்போது என்ஜின் கணினி பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது. அந்தத் திருத்தத்தின் அளவுக்கு ஃபியூவல் டிரிம் என்று பெயர். கூட்டிக்கொண்டே போய், பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 25 சதவீதத்தைத் தொடும்போது, கணினி பி0171 குறியீட்டைப் பதிவு செய்கிறது.

முதல் படி: குறியீட்டை அழிக்காதீர்கள்

இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார் என்றால், ஸ்டியரிங்குக்குக் கீழே அல்லது அதன் அருகில் பழுதுக் குறியீடுகளைப் படிப்பதற்கான 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் புளூடூத் ஸ்கேனரைச் செருகி, போனில் உள்ள செயலி வழியாக 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பக்கத்தைத் திறக்கவும். பழுது பதிவான அந்தக் கணத்தில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்மம்) வெப்பம், ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் எண்ணிக்கை), வேகம், லோடு (என்ஜின் மேல் உள்ள சுமை), டிரிம் ஆகியவை எவ்வளவு இருந்தன என்று அங்கே எழுதியிருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறியீட்டை அழித்தால் இந்தச் சாட்சியமும் சேர்ந்தே அழிந்துவிடும். பல கார்களில் கணினி கற்று வைத்திருந்த டிரிம் அளவுகளும் போய்விடும். அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பழுதைக் கண்ட பிறகுதான் கணினி இந்த விளக்கை ஏற்றும் என்பதால், விளக்கு அணைந்திருந்த அந்த நான்கு நாளும் எங்கள் காரில் பழுது அப்படியேதான் இருந்தது.

விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் கலவை சரியாக எரியவில்லை. அப்படியானால் மேற்கொண்டு ஓட்டாமல் வண்டியை நிறுத்திவிடவும்.

இரண்டாம் படி: டிரிம் அளவைப் படிக்கவும்

பழுது இருக்கும் இடத்தை இந்தப் படிதான் காட்டிக்கொடுக்கும். எனவே அவசரப்பட வேண்டாம். கூலன்ட் வெப்பம் 80 டிகிரியைத் தாண்டும்வரை என்ஜினை ஓடவிட்டு, ஏசியை அணைத்து, குறுகிய கால டிரிம் (அந்தந்தக் கணத்தின் திருத்தம்), நீண்ட கால டிரிம் (கணினி கற்று வைத்திருக்கும் திருத்தம்) இரண்டையும் திரையில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்த அளவு சில சதவீதம் உயர்ந்தே நிற்கும். அதை மட்டும் வைத்துப் பழுது என்று முடிவு கட்டக் கூடாது.

முதலில் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, குறித்துக்கொண்டு, பிறகு ஆர்பிஎம் 2500இல் அரை நிமிடம் நிறுத்திக் குறிக்கவும். எங்கள் காரில் ஐட்லிங்கில் 19 இருந்தது, 2500இல் 5 ஆக இறங்கியது. இப்படி இறங்கினால் காற்றுக் கசிவு என்று பொருள்: ஐட்லிங்கில் என்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான் என்பதால், எம்ஏஎஃப் சென்சாரின் (உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார்) கணக்கில் வராமல் ஓட்டை வழியே நுழையும் காற்று பெரிய பங்காகிவிடுகிறது, ஆர்பிஎம் கூடும்போது அந்தப் பங்கு சிறுத்துப் போகிறது. மாறாக, ஆர்பிஎம்மும் லோடும் கூடக்கூட டிரிமும் உயர்ந்தால், எம்ஏஎஃப் சென்சாரில் அழுக்கு, அடைத்த ஃபியூவல் ஃபில்டர், தளர்ந்த பம்ப் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். எம்ஏஎஃப் இல்லாமல், இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் (MAP) சென்சார் மட்டும் உள்ள கார்களில், கசிவு டிரிமைவிட ஐட்லிங் உயர்வாகவே அதிகம் தெரியும்.

மூன்றாம் படி: கசிவைத் தேடவும்

என்ஜினை அணைத்து, சூடு ஆறிய பின் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) வரை ஒவ்வொரு ஹோஸாகக் கையால் தடவிக்கொண்டே போங்கள். ஏர் இன்டேக் குழாயின் மடிப்புகள், பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதிக்கு வலுக் கூட்டும் பாகம்) ஹோஸ், பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்) ஆகிய மூன்றையும் விடாமல் பார்க்கவும். மேலிருந்து பார்ப்பது போதாது. எங்கள் காரின் பிசிவி ஹோஸ் மேலே பளபளவென்று நன்றாகத்தான் தெரிந்தது. கழற்றி வளைத்தபோது, எண்ணெய் ஆவி பட்டு ஊறி நொய்ந்திருந்த அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது.

கண்ணுக்கும் கைக்கும் அகப்படாவிட்டால், ஒர்க்‌ஷாப்பில் புகை செலுத்திப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். ஓடும் என்ஜின் மேல் கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கும் வழக்கம் பரவலாக இருந்தாலும், சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கசிவு இல்லையென்றால்

எம்ஏஎஃப் சென்சாரை அதற்கென்றே விற்கும் கிளீனரால் மட்டும் சுத்தம் செய்யவும். உள்ளிருக்கும் மெல்லிய கம்பியைத் துணியாலோ விரலாலோ தொடவே கூடாது. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் ஓட்டை இருந்தாலும், வெளிக்காற்று அதன்வழி உள்ளே இழுக்கப்பட்டுப் பொய்யான லீன் கணக்கு வரும். ஃபியூவல் அழுத்தத்தை அளக்க அதற்குரிய கேஜும் பழகிய கையும் வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஆக்சிஜன் சென்சாரைக் கடைசியாகப் பாருங்கள். பழைய கார்களில் உள்ள சாதாரண வகை சென்சார், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்ததும் 0.8 வோல்ட்டுக்கு மேல் எழும்பி, விட்டதும் 0.1 அருகே இறங்கினால், அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. லீன் என்று சரியாகச் சொன்ன சென்சாரைத்தான் எங்கள் காரில் கழற்றிப் போட்டார்கள்.

பழுது நீங்கிய பிறகு குறியீட்டை அழித்து, நகருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாக இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு, டிரிம்மை மறுபடியும் அதே இரண்டு நிலைகளில் குறித்து, முன்பு குறித்த அளவுகளுடன் ஒப்பிடுங்கள். புது ஹோஸ் மாட்டிய மூன்றாம் நாள், எங்கள் காரில் ஐட்லிங்கில் 4, 2500இல் 3 இருந்தது.