சோடாவும் வினிகரும் ஒரே பாட்டிலில் வேண்டாம்: சமையலறைப் பொருட்களில் வீட்டுக் கிளீனர் செய்முறை

சமையல் சோடாவைக் கொட்டி, மேலே வினிகரை ஊற்றி, நுரை பொங்குவதைக் காட்டும் குறிப்புகள்தான் எங்கும் கிடைக்கின்றன. பார்க்க அட்டகாசமாக இருக்கும். ஆனால் நுரை அடங்கியதும் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். அது வெறும் தண்ணீரைவிடப் பெரிதாக எதையும் சுத்தம் செய்யாது.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். 5 சதவீத வினிகர் 100 மில்லியில் சுமார் 5 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அதை முழுசாகச் செயலிழக்க வைக்க 7 கிராம் சோடா போதும், ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன். இரண்டு நல்ல பொருட்களும் ஒன்றையொன்று காலி செய்துவிடுகின்றன. கூடவே 2 லிட்டர் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். இதைக் கலந்து மூடிவைத்தால் பாட்டில் வெடிக்கும்.

அதனால் எதைக் கலப்பது என்று யோசிப்பதற்கு முன், என்ன கறை என்று பாருங்கள். குழாயிலும் டைல்ஸிலும் படியும் வெள்ளை உப்புக்கறைக்கு அமிலம் வேண்டும்: வினிகர் அல்லது சிட்ரிக் ஆசிட். எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரம் வேண்டும்: சமையல் சோடா, அதைவிட சலவை சோடா. பிசுக்கின் மேல் வினிகரை எவ்வளவு அடித்தாலும் வழுவழுப்பு அப்படியே இருக்கும். உப்புக்கறையில் சோடாவைத் தேய்த்தால் கைதான் வலிக்கும்.

என்னென்ன வேண்டும்

வெள்ளை வினிகர். லேபிளில் அமில அளவு 5 சதவீதம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் கீழே உள்ள அளவுகளில் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் சிடர் வினிகர் வேண்டாம். அதற்கு நிறம் உண்டு, விலையும் அதிகம்.

சிட்ரிக் ஆசிட் தூள். எலுமிச்சைச் சாறு பிழிவதைவிட இது பல மடங்கு மேல். சாற்றிலும் இருப்பது அதே அமிலம்தான், ஆனால் கூடவே சர்க்கரையும் சக்கையும் வருகின்றன. சர்க்கரை தரையில் பிசுபிசுக்கும், சக்கை ஸ்ப்ரே துளையை அடைக்கும், சாறு சில நாளில் கெட்டுவிடும்.

சமையல் சோடா. பேக்கிங் பவுடர் இல்லை, கவனம். அதில் அமிலமும் மாவும் ஏற்கெனவே கலந்திருக்கும். தண்ணீர் பட்டதும் நுரைத்து வீணாகிவிடும்.

இவற்றோடு பாத்திரம் கழுவும் லிக்விட், தூள் உப்பு (கல் உப்பு இல்லை), சமையலறைத் தராசு, இரண்டு ஸ்ப்ரே பாட்டில்கள். ஸ்ப்ரே பாட்டிலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான தலைகளில் உள்ளே இருக்கும் இரும்பு ஸ்பிரிங் அமிலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும்.

முதலில் ஒரு எச்சரிக்கை

ப்ளீச் பயன்படுத்திய இடத்தில் வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் ஆசிட் எதையும் அடிக்காதீர்கள். குளோரின் வாயு வரும். சிறிய குளியலறையில் அது மூச்சுக்குழாயைப் பதம் பார்த்துவிடும். முந்தைய நாள் ப்ளீச் போட்டிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டு அலசிய பிறகே தொடங்குங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் ஊற்றக்கூடாது. அதில் உருவாகும் பெர்அசிட்டிக் அமிலம் தோலையும் கண்ணையும் எரிக்கும். "இயற்கையானது" என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை.

மார்பிள், சுண்ணாம்புக் கல், மொசைக் தரை, சிமெண்ட் பரப்பு ஆகியவற்றில் அமிலம் படவே கூடாது. உப்புக்கறையும் மார்பிளும் அடிப்படையில் ஒரே கால்சியம் கார்பனேட்தான். கறையைக் கரைக்கும் அமிலம் கல்லையும் கரைக்கும். பளபளப்பு போய் மங்கலான வட்டம் விழும், அதைத் துடைத்து எடுக்க முடியாது. கல் தரைக்கு 1 லிட்டர் தண்ணீரில் 1 டீஸ்பூன் பாத்திர லிக்விட், அவ்வளவுதான்.

1. உப்புக்கறை நீக்கி

25 கிராம் சிட்ரிக் ஆசிட், 500 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், அரை டீஸ்பூன் பாத்திர லிக்விட். தூளைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, பாட்டிலில் ஊற்றி, கடைசியாக லிக்விடைச் சேர்த்து மெதுவாகச் சாய்த்துக் கலக்குங்கள். குலுக்கினால் பாட்டில் முழுக்க நுரைதான்.

லிக்விடுக்குப் பதில் சோப்பைச் சீவிப் போடலாமா என்றால், கூடாது. உண்மையான சோப்பு அமிலத்தில் பிரிந்து, கொழுப்பு வெள்ளைத் திரளாக மிதக்கும். "ஆர்கானிக்" சோப்பு எண்ணெயையும் வினிகரையும் கலக்கச் சொல்லும் குறிப்புகள் எல்லாம் இங்கேதான் திரிந்துபோகின்றன. பாத்திர லிக்விட் வேறு வகை வேதிப்பொருள், அமிலத்தைத் தாங்கும்.

செய்முறையைவிட, அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். அடித்துவிட்டு உடனே துடைத்து, "ஒன்றும் போகவில்லை" என்று விட்டுவிடுவது வழக்கம். இப்படிச் செய்யுங்கள்:

1. முதலில் அந்த இடத்தைப் பாத்திர லிக்விடும் வெந்நீரும் கொண்டு கழுவுங்கள். குளியலறைக் கறை வெறும் உப்பு மட்டும் இல்லை. அதன் மேல் சோப்புப் படலம் இருக்கும். அந்தப் படலம் இருக்கும்வரை அமிலம் உள்ளே இறங்காது. இந்த ஒரு படியை விடுவதால்தான் பாதிப் பேருக்கு வினிகர் "வேலை செய்வதில்லை".

2. செங்குத்தான இடத்தில் கரைசல் வழிந்து ஓடிவிடும். டிஷ்யூ காகிதத்தையோ பழைய துணியையோ கரைசலில் நனைத்துக் குழாயைச் சுற்றியும், டைல்ஸ் மேல் ஒட்டியும் வையுங்கள்.

3. 15 முதல் 20 நிமிடம் காத்திருங்கள். நடுவில் காய்ந்தால் மீண்டும் நனையுங்கள். குரோம் பூசிய குழாயில் இதற்கு மேல் விடாதீர்கள். பூச்சில் கீறல் இருந்தால் அதன் வழியே அமிலம் அடியில் இறங்கும்.

4. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நன்றாக அலசி, துணியால் உலர்த்துங்கள்.

5. மிச்சம் இருந்தால் அளவைக் கூட்டாமல், புதுக் கரைசலில் திரும்பச் செய்யுங்கள். 100 மில்லி வினிகர் அதிகபட்சம் 4 கிராம் கறையைத்தான் கரைக்கும், சிட்ரிக் கரைசலும் அதை ஒட்டித்தான். தடித்த படிவுக்கு நாலு தடவை ஸ்ப்ரே அடிப்பதில் இருக்கும் அமிலம் மேல் அடுக்கிலேயே தீர்ந்துவிடும்.

ஷவர் தலைக்கு: ஒரு பிளாஸ்டிக் பையில் கரைசலை ஊற்றி, ஷவர் தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். அரை மணி நேரம் போதும். இரவு முழுக்க விடச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள், ரப்பர் வாஷர் பாழாகும்.

கெட்டிலுக்கு: 1 லிட்டர் வெந்நீரில் 15 கிராம் சிட்ரிக் ஆசிட், 30 நிமிடம் ஊற வையுங்கள். கொதிக்க வைக்க வேண்டாம். சூடு ஏற ஏறக் கால்சியம் சிட்ரேட்டின் கரைதிறன் குறையும். படிவு அதிகமாக இருந்தால் அது வெள்ளைப் பொடியாக மீண்டும் அடியில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அதை எடுப்பது பழைய கறையை எடுப்பதைவிடக் கஷ்டம்.

இரண்டு மூன்று முறை செய்தும் ஷவர் கண்ணாடியில் மங்கல் போகவில்லை என்றால், அது கறையாக இல்லாமல் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டதாக இருக்கலாம். அதற்கு மருந்து சமையலறையில் இல்லை.

2. எண்ணெய்ப் பிசுக்கு

லேசான பிசுக்குக்குப் பசை போதும். 3 ஸ்பூன் சோடாவுக்கு 1 ஸ்பூன் தண்ணீர். அடுப்பு மேடையிலும் சிங்க்கிலும் பூசி, 10 நிமிடம் கழித்து ஈரத் துணியால் தேய்த்து எடுங்கள். இரண்டாவது தடவை வேறு துணியில், நிறையத் தண்ணீரோடு துடையுங்கள். இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். சோடாத் துகள் கண்ணாடியைவிட மென்மையானது, கீறாது. அக்ரிலிக்கிலும் பளபளப்பான பிளாஸ்டிக்கிலும் கீறலாம்.

சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஸ்ப்ரே ஆக்கலாமா? 100 மில்லியில் 9 கிராமுக்கு மேல் கரையாது. மீதி அடியில் தங்கித் துளையை அடைக்கும். தங்காத அளவுக்குக் குறைத்தால் பிசுக்கு அசையாது. ஸ்ப்ரே வேண்டும் என்பவர்கள் சலவை சோடாவுக்குப் போய்விடுங்கள்.

அதை வீட்டிலேயே செய்யலாம். 100 கிராம் சமையல் சோடாவைக் கண்ணாடி அல்லது ஸ்டீல் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, 200 டிகிரி செல்சியஸ் அவனில் 1 மணி நேரம் வையுங்கள். அலுமினியத் தட்டு கூடாது. நடுவில் ஒரு தடவை கிளறுங்கள். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறிச் சோடியம் கார்பனேட் மிஞ்சும். வெந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது, தராசுதான் சொல்லும்: 100 கிராம் 63 கிராமாகக் குறைந்திருக்க வேண்டும். 75 கிராம் காட்டினால் மூன்றில் இரண்டு பங்கு வேலைதான் ஆகியிருக்கிறது, திரும்ப உள்ளே வையுங்கள். ஆறியதும் காற்றுப்புகாத டப்பாவில் அடையுங்கள்.

1 லிட்டர் வெந்நீரில் 15 கிராம் சலவை சோடா, 1 டீஸ்பூன் பாத்திர லிக்விட். பிசுக்கு மேல் அடித்து 5 நிமிடம் விட்டுத் துடையுங்கள். காரம் கொழுப்பின் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடுவதால் தண்ணீரோடு வந்துவிடும். உங்கள் கையில் இருக்கும் எண்ணெய்க்கும் அதே கதிதான், ஆகவே கையுறை கட்டாயம்.

சமையலறைச் சிம்னி ஃபில்டரை இதில் போடுவதற்கு முன் அது ஸ்டீலா அலுமினியமா என்று பாருங்கள். அலுமினியம் காரத்தில் நிமிடங்களில் கறுத்துவிடும், திரும்பாது. எடை குறைவாக, மங்கிய வெள்ளியாக இருந்து காந்தம் ஒட்டாமலும் இருந்தால் அலுமினியம் என்றே வைத்துக்கொண்டு, வெந்நீரும் பாத்திர லிக்விடும் மட்டும் பயன்படுத்துங்கள். (ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாத வகை உண்டு. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.) பட்டுத்துணி, கம்பளி, வார்னிஷ் பூசிய மரம் ஆகியவற்றிலும் சலவை சோடா வேண்டாம்.

அடைத்த சிங்க் குழாய்க்குச் சோடாவும் வினிகரும் ஊற்றுவது வீண். முடியோ உணவுத் துண்டோ அதில் கரையாது. ரப்பர் பம்ப்தான் தீர்வு. கொழுப்பால் மந்தமாக ஓடும் குழாய்க்கு மேலே சொன்ன கரைசலைச் சூடாக ஊற்றலாம். பிவிசி குழாயென்றால் கை தாங்கும் சூட்டைவிடச் சற்றே அதிகம் போதும். கொதிக்கும் தண்ணீர் அதை இளக்கிவிடும்.

3. கண்ணாடி

1 பங்கு வினிகர், 3 பங்கு தண்ணீர். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கோடு விழுவதைத் தவிர. முதல் தடவை கோடு விழுந்தால் வினிகரைக் குறை சொல்லாதீர்கள். முன்பு பயன்படுத்திய கிளீனரின் படலம் இளகுகிறது. ஒருமுறை பாத்திர லிக்விட் கலந்த தண்ணீரில் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். வெயில் படும் நேரத்தில் துடைக்க வேண்டாம், துடைப்பதற்குள் காய்ந்துவிடும். செய்தித்தாளைவிட மைக்ரோஃபைபர் துணியே சிறந்தது, மை ஒட்டாது. கணினி, டிவி திரைகளில் இதை அடிக்காதீர்கள்.

4. மைக்ரோவேவ், செம்பு

ஒரு கப் தண்ணீரில் 2 டேபிள்ஸ்பூன் வினிகர், உள்ளே ஒரு மரக் குச்சி. குச்சி இல்லாவிட்டால் தண்ணீர் கொதிப்பது தெரியாமல் சூடேறி, தொட்டதும் பொங்கி அடிக்கும். 3 நிமிடம் ஓடவிட்டு, கதவைத் திறக்காமல் 5 நிமிடம் வையுங்கள். அழுக்கை ஊறவைப்பது அந்த ஆவிதான்.

செம்பு, பித்தளைக்கு எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்து, உடனே கழுவி, உடனே துடைக்க வேண்டும். பித்தளையில் ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து இளஞ்சிவப்புத் திட்டுகள் வரும். லாக்கர் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) பூசியவற்றைத் தொடவேண்டாம்.

5. பழத்தோல் கிளீனர்

சர்க்கரை 1, சிட்ரஸ் பழத்தோல் 3, தண்ணீர் 10 என்று எடைக்கணக்கில் போட்டு 3 மாதம் நொதிக்க வைக்கும் முறை பிரபலம். கிடைப்பது பெரும்பாலும் நீர்த்த வினிகர்தான். செய்தே தீருவேன் என்றால் பிளாஸ்டிக் பாட்டிலில், ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். மேலே வெள்ளை ஏடு வந்தால் பரவாயில்லை, கறுப்போ பச்சையோ வந்தால் கொட்டிவிடுங்கள்.

என் தேர்வு: தோலை வினிகரில் 2 வாரம் ஊறவைத்து வடிகட்டி, தண்ணீரோடு சரிபாதி கலப்பது. தோல் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில்தான் பூஞ்சை தொடங்கும். வினிகர் வாடையை இது அடக்கும். சக்தி கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் சிட்ரஸ் எண்ணெய்களைத் தவிர்ப்பது நல்லது.

பின்னர் சேர்த்தது: கிருமி, சேமிப்பு

இவை எதுவும் நம்பகமான கிருமிநாசினி இல்லை. பச்சை இறைச்சி வெட்டிய பலகையைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி நன்றாக உலர்த்துங்கள். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் கழிவறைக்கு முறையான கிருமிநாசினியே வேண்டும்.

வினிகர் கரைசல்கள் மாதக்கணக்கில் கெடாது. சோடாப் பசையை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள், வைத்தால் கட்டியாகிவிடும். சிட்ரிக் கரைசலில் மட்டும் கவனம்: நீர்த்த நிலையில் அதிலும் பூஞ்சை வளரும், பஞ்சு போல ஏதாவது மிதந்தால் கொட்டிவிட்டு பாட்டிலை வெந்நீரில் கழுவுங்கள். இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கரைத்து, பாட்டிலில் பெயரையும் தேதியையும் ஒட்டுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், சலவை சோடா கரைசல் பார்க்கத் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும்.