பீட் இல்லாத கலவையில் தழைச்சத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டுக் கொல்லைகளில் மிளகாய், கத்தரி, கறிவேப்பிலை எல்லாம் பைகளில் வளர்கின்றன. பைக்குள் பீட் என்னும் சதுப்புநில மக்குக்குப் பதில் பைன் மரப்பட்டை, மரத்தூள், தென்னை நார்த்தூள். நட்ட மூன்றாம் வாரம் அடியிலை வெளுத்ததும் உரத்தைக் கைநிறைய அள்ளிப் போடுகிறார்கள். தண்ணீர், வெயில் பற்றிய சின்னத் தவறுகளைச் செடியே சமாளித்துவிடும். தழைச்சத்தில் செய்யும் தவறைச் சமாளிக்காது.

பச்சை மரத்தூள்

மரப்பட்டறையில் சும்மா கிடைக்கிறதே என்று மூட்டையில் கொண்டுவந்து அப்படியே கலக்கிறார்கள். சும்மா வந்த தூள் ஒரு பருவத்தையே விழுங்கிவிடும். மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய 400, 500 பங்கு கரிமம். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கோ 25, 30 பங்குக்கு ஒன்று வேண்டும். குறைகிறதை உங்கள் உரத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன; வேருக்கு மிஞ்சுவதில்லை. அவை செத்தபின் திரும்பக் கிடைக்கும்தான். ஆனால் நான்கு இலையோடு நின்றுபோன மிளகாய் நாற்று அதற்குள் முற்றிவிடும்.

அடியிலை நரம்போடு சேர்ந்து மஞ்சளானால் இந்தத் தழைச்சத்துக் குறைதான். நரம்பு பச்சையாக இருந்து கொழுந்து வெளுத்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. தழைச்சத்து கொடுத்துப் பயனில்லை.

நடுமுன்பே நுண்ணுயிர்களின் பசியைத் தீர்க்க வேண்டும். ஒரு கன மீட்டர் தூளுக்கோ பட்டைக்கோ 1 முதல் 2 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். கையில் பிழிந்தால் இரண்டு சொட்டு விழும் ஈரம் போதும். குவித்து, வாரம் ஒருமுறை புரட்டுங்கள். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். சின்னக் குவியலில் ஏறாது. புரட்டியபின்னும் சூடு திரும்பவில்லையென்றால் தயார். பட்டைக்குச் சுமார் மூன்று மாதம், தூளுக்கு இன்னும் கூடுதல்.

ஏற்கெனவே நட்டுவிட்டவர்கள் எல்.ஏ.என். 28 உரத்தை (சுண்ணாம்பு கலந்த அமோனியம் நைட்ரேட், 28 சதவீதம் தழைச்சத்து) லிட்டருக்கு அரை கிராம் கரைத்து வாரம் இருமுறை ஊற்றுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிவை மட்டும் எடுங்கள். கைப்பிடிக் கணக்கில் போட்டால் இளவேர் கருகும், மீதி அடுத்த மழையில் பைக்கு அடியில் ஓடிவிடும்.

நட்ட பையில் யூரியா

வேண்டாம். அது அமோனியாவாக மாறும்போது வேர் வெந்துபோகும்.

குளிர்காலத்தில் வெறும் அமோனியம்

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஜூன், ஜூலையில் அமோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா மந்தமாகிவிடும். அமோனியம் தேங்கி வேரைக் கெடுக்கும். கால்சியம் நைட்ரேட் கொடுங்கள்.

நார்த்தூள்

உப்புப் போகக் கழுவுங்கள். மரத்தூள் அளவுக்குப் பசி கிடையாது.