புது காரில் சின்னக் குறையா? உடனே பெயின்ட் அடிக்கச் சொல்லாதீர்கள்

டெலிவரி நாளில் நல்ல நேரம் பார்ப்போம், டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்போம், குடும்பத்தோடு போட்டோ எடுப்போம். காரை மட்டும் சரியாகப் பார்க்க மாட்டோம். மறுநாள் வெயிலில் துடைக்கும்போதுதான் பானட்டில் ஒரு புள்ளி கண்ணில் படும். ஒரு கதவு மட்டும் லேசாகத் துருத்திக்கொண்டு நிற்பது தெரியும்.

டெலிவரி அன்று பார்ப்பதே தாமதம்தான். 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம்; பதிவு எண் வந்தால்தான் அதை மாட்ட முடியும். அதனால் சாவி கைக்கு வரும்போது கார் பெரும்பாலும் உங்கள் பெயரில் பதிவாகி, இன்சூரன்ஸும் போட்டிருப்பார்கள். அதற்கப்புறம் "வேறு வண்டி கொடுங்கள்" என்றால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். சேசிஸ் நம்பர் (எந்தக் கார் உங்களுக்கு என்று காட்டும் அடையாள எண்) ஒதுக்கியதும், பதிவுக்கும் முழுப் பணத்துக்கும் முன்னால், டீலர் கார்களை நிறுத்தி வைக்கும் ஸ்டாக் யார்டுக்கே போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஷோரூம் விளக்கில் எல்லாக் காரும் அழகுதான்.

எதைக் குறை என்பது, எதை விடுவது என்ற குழப்பமும் உண்டு. யார்டில் மழையில் நின்ற காரின் பிரேக் டிஸ்க்கில் துரு படிந்திருக்கும். நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். வண்டி தூக்கித் தூக்கிப் போட்டால், ஒரு பக்கம் இழுத்தால், முதலில் டயர் காற்றைப் பாருங்கள். யார்டில் நிற்கும்போது சில சமயம் அதிகமாகவே அடித்து வைத்திருப்பார்கள். டெலிவரிக்கு முன் அதைக் குறைக்க மறந்திருக்கலாம். சரியான அளவு டிரைவர் கதவுத் தூணில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். கதவு இடைவெளியில் சந்தேகம் வந்தால் இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். அதே மாடல் டிஸ்ப்ளே காரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் கதவுப் பூட்டின் கொக்கியையோ கீலையோ சற்று நகர்த்தினாலே சரியாகிவிடும்.

பெயின்ட் விஷயத்தில்தான் பலர் சின்னக் குறையைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். பானட்டில் கடுகளவு தூசி சிக்கியிருக்கிறது என்று வையுங்கள். சத்தம் போட்டால் டீலர், "பானட் முழுக்க ஃப்ரீயா பெயின்ட் அடிச்சுத் தர்றோம் சார்" என்பார். தாராளமாகத் தோன்றும். ஆனால் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும்போது காரில் சீட், கண்ணாடி, வயரிங் எதுவும் இருக்காது. வெறும் உலோகக் கூட்டைச் சுமார் 140 டிகிரி சூட்டில் சுடவைப்பார்கள். சர்வீஸ் சென்டரில் முழுசாகப் பூட்டிய காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. வேறு வகைப் பெயின்ட் அடித்து, அதில் பாதிச் சூட்டில்தான் காய வைப்பார்கள். நிறம் ஒத்துப்போவதும் அடிப்பவர் கைராசியைப் பொறுத்தது. நாளைக்குக் காரை விற்கப் போனால் வாங்குபவர் பெயின்ட் தடிமனை அளக்கும் மீட்டரை வைப்பார். கம்பெனிப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். அந்த பானட் மட்டும் 250 காட்டினால், "எங்க சார் இடிச்சீங்க?" என்பதுதான் அடுத்த கேள்வி.

மேலே சிக்கிய தூசிக்கு 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் (மிக நைசான உப்புத்தாள்) அந்த இடத்தை மட்டும் இழைத்து, காம்பவுண்ட் போட்டுப் பாலிஷ் செய்தால் போதும். அதையும் பழகிய கைதான் செய்ய வேண்டும். நிறத்துக்கு மேலே உள்ள நிறமில்லாத பூச்சு, கிளியர் கோட், மிக மெல்லியது. உலோகமே தெரிகிறது, பெயின்ட் உரிகிறது என்றால் அடித்துத்தான் ஆக வேண்டும். அப்போது, விபத்தால் அல்ல, தயாரிப்புக் குறையால் அடித்தது என்று டீலரின் லெட்டர்பேடில் எழுதி வாங்கி ஆர்சியோடு வையுங்கள். எதுவாக இருந்தாலும், குறையை டீலரிடம் காட்டி எழுத்தில் பதிய வைக்கும் முன் வெளிக்கடையில் செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு) போட்டுவிடாதீர்கள். அப்புறம் "கோட்டிங்காரன் பண்ணினது" என்று தள்ளிவிடுவார்கள்.

அடுத்து, புகாரை விற்றவரிடமே சொல்லிக்கொண்டிருப்பது. சேல்ஸ்காரர் "பார்த்துக்கலாம் சார், ஃபர்ஸ்ட் சர்வீஸ்ல சொல்லிடுங்க" என்பார். அவர் வேலை டெலிவரியோடு முடிந்தது. சர்வீஸ் அட்வைசரிடம் போய் ஜாப் கார்டு, அதாவது புகாரையும் செய்யும் வேலையையும் எழுதும் தாள், போட வையுங்கள். "சத்தம் வருது" என்று எழுதினால் "செக் செய்தோம், ஓகே" என்று மூடிவிடுவார்கள். "20 கி.மீ. வேகத்தில் ஸ்பீட் பிரேக்கர் இறங்கும்போது இடது பின்கதவில் டக் சத்தம்" என்று எழுத வையுங்கள், டெக்னீஷியனை உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். (போவதற்கு முன் டிக்கியில் ஜாக்கி ஆடுகிறதா, யாரும் போடாத சீட் பெல்ட் கொக்கி தூணில் தட்டுகிறதா என்று பார்த்துவிடுவது மானம் காக்கும்.) உள்ளே தண்ணீர் ஒழுகுவது, எச்சரிக்கை விளக்கு, பிரேக், ஸ்டீயரிங் கோளாறுகளுக்கு முதல் சர்வீஸ் வரை காத்திருக்கவே கூடாது.

எடுத்த எடுப்பில் "கோர்ட்டுக்குப் போவேன், புது கார் வேணும்" என்பதும் பலிக்காது. சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டிப்படி பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான் மாருதி நிறுவனத்துக்குக் கடமை, முழு காரையும் மாற்றித் தரச் சொன்னது சரியல்ல என்றது. அங்கே பிரச்சினை கிளட்ச். பெயின்ட் புள்ளிக்கு எங்கே போவது? அதே சமயம், ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் விட்டுக்கொடுக்க வேண்டாம். நிறுவனத்துக்கு மெயில், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே பேசப்போவது ஜாப் கார்டு நகல்கள்தான். சின்னக் குறை என்றால் அதற்கெல்லாம் முன்பே மேனேஜரிடம் உட்கார்ந்து, நீட்டிப்பு வாரண்டியோ ஒரு சர்வீஸ் செலவோ கேட்டுப் பாருங்கள். மாதக் கடைசியில் கேட்டால் இன்னும் சீக்கிரம் இறங்கி வருவார்கள்.