கண்காணிப்பு விளம்பரம் குறையும்போது வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பது எப்படி

புதுக்குடியிருப்பில் இருந்து ஒடியல் மாவும் பனங்கட்டியும் பேஸ்புக் வழியாக விற்கிறேன். வாங்குபவர்கள் பெரும்பாலும் பாரிஸ், லண்டன், ரொறன்ரோ ஆட்கள். வன்னியில் இதே வேலை செய்யும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒருவர் எதைப் பார்க்கிறார், எதை வாங்குகிறார் என்று ஒளித்திருந்து குறிப்பெடுத்து, அதை வைத்து அவருக்கு விளம்பரம் காட்டுவதுதான் கண்காணிப்பு விளம்பரம். அதைச் சட்டம் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தடையின் பாரம் சிறு வியாபாரிக்குத்தான் கூட. பெரிய கடையிடம் வாடிக்கையாளர் விபரம் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது, சட்டத்தரணியும் இருக்கிறார். எங்களிடம் இருந்தது சரியான ஆளிடம் போய்ச் சேரும் மலிவான விளம்பரம் மட்டும்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பெப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இனம், மதம் போன்ற விபரங்களை வைத்து ஆள் பிரித்து விளம்பரம் காட்ட அதில் இடமில்லை. நியாயமான தடை. ஆனாலும் பாரிஸில் தமிழ் வீடுகளைத் தேடும் எனக்கு அது இடிக்கிறது.

ஆகவே பேஸ்புக் விளம்பரத்தில் ஆளைப் பிரிக்காமல், தமிழர் கூடும் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். பாரிஸ் என்றால் லா சப்பல், லண்டன் என்றால் ஹரோ. இடத்தைச் சுற்றி விளம்பரம் போகும் வட்டத்தைச் சிறிதாக வையுங்கள். சம்பந்தமில்லாதவர் பார்ப்பதற்கும் காசு போகும். படத்திலேயே 'கூழுக்கு ஒடியல் மா' என்று பெரிதாகத் தமிழில் போடுங்கள். வேண்டியவர் தானாக நிற்பார்.

அப்புறம், ஒரு கொப்பி. இதுதான் முக்கியம். முதல் பார்சல் கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் இப்படிக் கேளுங்கள்: "அடுத்த முறை மா இடித்ததும் அறிவிக்கட்டுமா? வேண்டாம் என்றால் உங்கள் நம்பரை அழித்துவிடுவேன்." 'ஓம்' என்று எழுதியவரை மட்டும் பதியுங்கள்: பெயர், நாடு, வாங்கிய சாமான், ஓம் சொன்ன திகதி. அந்தத் திகதியை விட்டுவிடாதீர்கள், சம்மதம் கிடைத்ததற்கு அதுதான் சாட்சி. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள், அங்குள்ளவர்களுக்கு வெளிநாட்டில் இருந்து விற்பவரையும் கட்டுப்படுத்தும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் விளம்பரச் செய்திக்குச் சம்மதம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

எல்லாரையும் ஒரே குழுவில் போடாதீர்கள். ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரிந்துவிடும். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் புரோட்காஸ்ட் பட்டியலில் அனுப்புங்கள். உங்கள் நம்பரைச் சேமித்தவருக்குத்தான் அது போகும், ஆகவே சேமிக்கச் சொல்லுங்கள்.

யாராவது 'போதும்' என்றால் போனிலும் கொப்பியிலும் அன்றைக்கே அழியுங்கள்.