அப்பர் கனடா வில்லேஜுக்குக் கூட்டமாக பஸ்ஸில் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கோடை வந்தால் முதியோர் சங்கம், தமிழ்ப் பள்ளி, பழைய மாணவர் சங்கம் என்று ஏதோ ஒரு கூட்டம் பஸ் பிடித்துக்கொண்டே இருக்கும். நயாகராவும் ஆயிரம் தீவுகளும் பார்த்து அலுத்தவர்களுக்கு நான் சொல்லும் இடம், மொறிஸ்பேர்க் அருகே சென் லோறன்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் அப்பர் கனடா வில்லேஜ். 1860களின் ஒன்ராறியோக் கிராமம் எப்படி இருந்ததோ அப்படியே வீடு, ஆலை, தேவாலயம், பண்ணை எல்லாவற்றையும் அங்கே வேலை செய்யவைத்திருக்கிறார்கள். ஆனால் பயணத்தைச் சரியாகப் போடாவிட்டால், போனவர்கள் "நாலு பழைய வீடு இருந்தது, வெயிலும் அடித்தது" என்று சொல்லிக்கொண்டுதான் திரும்புவார்கள். அந்த இடத்துக்கு அது பெரிய அநியாயம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒரே நாளில் இரண்டு இடத்தை அடைத்துவைப்பது. "போற வழிதானே, ஆயிரம் தீவுகளில் ஒரு படகுச் சவாரியையும் போடுவம்" என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். கணக்குப் பாருங்கள். ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடினாலே நான்கு மணித்தியாலம் பிடிக்கும். மூன்று இடத்தில் ஆள் ஏற்றி, ஆன்ரூட் எனும் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஒருதரம் நிறுத்தி, ஒரு பஸ் நிறைய ஆட்கள் வாஷ்ரூம் போய்க் கோப்பி வாங்கி ஏறும்போது ஐந்தரை மணித்தியாலம் ஆகிவிடும். காலை 7 மணிக்குப் புறப்பட்டாலும் மதியம் தாண்டித்தான் போய்ச் சேருவீர்கள். கிராமத்தில் வேலைகள் பொதுவாக மாலை 5 மணியளவில் ஓய்ந்துவிடும். இடையில் படகையும் சேர்த்தால் மிச்சம் என்ன? படகுக்கு வேறொரு நாள் போங்கள். ஏற்றும் இடத்தையும் ஒன்றாகக் குறையுங்கள். "எங்கட வீட்டுப் பக்கமும் வாங்கோ" என்பவருக்கு உறுதியாக இல்லை என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

நேரத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே பார்க்கவேண்டியது கட்டடமல்ல, வேலை. மர ஆலைக்குள் நில்லுங்கள். தண்ணீரைத் திறந்துவிட்டதும் கீழே சக்கரம் சுழல, மேலே நிமிர்ந்து நிற்கும் ஒரு வாள் மேலும் கீழுமாக ஏறி இறங்கத் தொடங்கும். முழு மரம் ஒரு தட்டில் கிடந்தபடி அங்குலம் அங்குலமாக அதை நோக்கி நகரும். தரை அதிர்வது காலில் தெரியும், ஈர மரத்தூளின் வாசம் மூக்கில் ஏறும். ஒரு பலகை முழுதாக விழுவதற்குப் பொறுமை வேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போகிறவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. அசல்ஸ்டைன் கம்பளி ஆலை, பெலமி மாவு ஆலை, எழுத்து எழுத்தாகக் கோக்கும் அச்சுக்கூடம், தகர வேலைக்காரர், கொல்லர் எல்லோரிடமும் இதே கதைதான். எல்லாவற்றையும் பார்க்க ஓடாமல் ஆறேழு இடத்தில் நின்று பார்த்தாலே நாள் நிறைந்துவிடும்.

அடுத்தது திகதி. கிராமம் கோடைப் பருவத்தில்தான் முழுதாக இயங்கும், அப்போதும் வாரத்தின் எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நம்பி பஸ்ஸுக்குக் காசு கட்டவேண்டாம். அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்து, குழுவுக்கு முன்பதிவு செய்தபின் பஸ்ஸைப் பிடியுங்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நடக்கும் இரவு விழாக்கள் வெளிச்ச அலங்காரத்துக்கானவை. ஆலையும் பண்ணையும் பார்க்கவென்றால் பகலில்தான் வரவேண்டும்.

சாரதியின் நேரத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கனடாச் சட்டப்படி ஒருவர் ஒரு நாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, எல்லாம் சேர்த்து 14 மணித்தியாலத்துக்கு மேல் வேலையில் இருக்கவும் கூடாது. அவர் பஸ்ஸைக் கிளப்ப வந்த நேரத்திலிருந்தே அந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். திரும்பும் வழியில் கிங்ஸ்டனில் இரவுச் சாப்பாடு என்று கடைசி நேரத்தில் ஒன்றைச் சேர்த்தால் அவர் மறுப்பார், மறுப்பதும் சரி. நேர அட்டவணையை முன்பே பஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கொடுங்கள். மலிவாக இருக்கிறதென்று மஞ்சள் ஸ்கூல் பஸ் பிடிப்பதும் இந்தத் தூரத்துக்குச் சரிவராது. முழங்கால் மடக்க இடமிராது, வாஷ்ரூமும் கிடையாது. முதியவர்களுக்கு அது தண்டனை.

சாப்பாடு. சுடச்சுடச் சோறும் கறியும் தட்டில் போட்டுக் கொடுக்கவேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் தட்டு, சட்டி, வரிசை என்று தொடங்கினால் ஒன்றரை மணித்தியாலம் போய்விடும், அதுவும் ஆலைகள் நன்றாக ஓடும் நடுப்பகலில். ஆளுக்கொரு பெட்டியாகக் கட்டிவிடுங்கள். புளிச்சாதமோ இடியப்பக் கொத்தோ போதும். போகும்போதே பஸ்ஸில் றோல்ஸும் வடையும் கொடுத்துவிட்டால் நீரிழிவுக் குளிசை போடுகிறவர்கள் பசியில் தவிக்கமாட்டார்கள். கிராமத்துப் பேக்கரியில் விறகு அடுப்பில் சுடும் பாண் கிடைக்கும். வாங்க நினைப்பவர்கள் போய்ச் சேர்ந்ததுமே வாங்கிவிடுங்கள், பின்னேரம் மிஞ்சாது.

நடைபாதைகள் சரளைக்கல்லும் மண்ணுமானவை. பழைய வீடுகளுக்குப் படி உண்டு, மாடிப்படிகள் ஒடுங்கியவை, எல்லா இடத்துக்கும் சக்கர நாற்காலி போகாது. சேலையோடு வரும் அம்மாமாருக்கும் காலில் சப்பாத்து இருக்கட்டும். தொப்பியும் தண்ணிப் போத்தலும் அவசியம். குதிரை வண்டியில் ஒரு சுற்று முதலிலேயே போய்விட்டால், நடக்கக் கஷ்டப்படுபவர்கள் எங்கே இறங்கி நிற்பது என்று தாங்களே முடிவெடுப்பார்கள்.

அப்புறம், மொழி. அந்தக் காலத்து உடையணிந்து வேலை செய்யும் ஊழியர்கள் கேட்டால் விடாமல் பேசுவார்கள், ஆனால் நம் பெரியவர்கள் ஆங்கிலக் கூச்சத்தில் ஒதுங்கி நிற்பார்கள். பத்துப் பேருக்கு ஒரு இளையவரைக் கூட அனுப்புங்கள், மொழிபெயர்க்க மட்டும். விளக்குமாறு கட்டுகிறவர் சோள இனச் செடியின் கதிர்த் தண்டுகளைக் கைப்பிடியில் வைத்து, கம்பியை இறுக்கிச் சுற்றி, பிறகு தட்டையாக நெரித்துத் தைப்பார். வாழ்நாளெல்லாம் ஈர்க்குக் கட்டிய ஒரு அம்மா அந்தக் கையைப் பார்த்தால் கேட்பதற்கு அவரிடம் நூறு கேள்வி இருக்கும். மாடு வளர்த்தவர்களும் தோட்டம் செய்தவர்களும் அப்படித்தான். அந்தப் பேச்சுக்கு வழிசெய்யாமல் அவர்களைக் கூட்டிப்போய் என்ன பயன்?

இனி, பெரும்பாலான குழுக்கள் தவறவிடும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கிராமம் ஏன் இங்கே இருக்கிறது என்று தெரியாமலே போய்த் திரும்புகிறார்கள். சென் லோறன்ஸ் கப்பல் வழிக்காகவும் மின்நிலையத்துக்காகவும் ஆற்றை மறித்தபோது கரையோர ஊர்கள் மூழ்கவேண்டியிருந்தது. ஓல்ட்ஸ்வில், வேல்ஸ், மூலினெட், டிக்கின்சன்ஸ் லாண்டிங் என்று பத்து ஊர்கள். ஏறக்குறைய 6,500 பேர் இடம்பெயர்ந்தார்கள். 500க்கும் மேற்பட்ட வீடுகளை இராட்சத இயந்திரங்கள் அப்படியே தூக்கி, புதிதாக உண்டாக்கிய இங்கிள்சைட், லோங் சூ முதலிய ஊர்களுக்குக் கொண்டுபோயின. 1958 ஜூலை 1 அன்று தற்காலிக அணையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நான்கு நாளில் ஊர்கள் இருந்த இடம் ஏரியானது. காப்பாற்றிய பழைய கட்டடங்களில் சிலவற்றையும் வேறு ஊர்களிலிருந்து கொண்டுவந்தவற்றையும் சேர்த்து உருவாக்கி 1961இல் திறந்ததுதான் இந்தக் கிராமம். கல்லறைகளில் இருந்த பழைய நினைவுக்கற்கள் சிலவற்றை அருகிலுள்ள முன்னோர் நினைவிடத்தின் செங்கற்சுவர்களில் பதித்திருக்கிறார்கள். ஊரை விட்டுவந்த நம் பெரியவர்களுக்கு இதை யாரும் பெரிதாக விளக்கத் தேவையில்லை. பஸ்ஸில் போகும்போது பத்து நிமிடம் ஒலிவாங்கியில் இதைச் சொல்லிவிடுங்கள், படப் பாட்டை அதற்குப் பிறகு போடலாம்.

அதே பத்து நிமிடத்தில் இன்னொன்றும். "ஆளில்லாக் காட்டை வெட்டி ஊராக்கினார்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அமெரிக்கப் புரட்சியில் பிரித்தானிய முடியின் பக்கம் நின்ற குடும்பங்கள் 1784இல் இங்கே குடியேற வந்தபோது இந்த ஆற்றங்கரை வெற்று நிலமல்ல. பூர்வகுடிகள் காலங்காலமாக வாழ்ந்த இடம். கோர்ன்வால் நகருக்குப் பக்கத்தில் அக்வெசாஸ்னே மொஹோக் பூர்வகுடிச் சமூகம் இன்றும் வாழ்கிறது. கப்பல் வழி அவர்களுடைய நிலத்தையும் மீன்பிடியையும் பாதித்தது.

திரும்பும் நேரத்தை "நாலரை, அஞ்சு போல" என்று சொல்லாதீர்கள். 4:45 என்றால் 4:45. ஒவ்வொருவர் கையிலும் பஸ் நிற்கும் இடமும் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் இருக்கட்டும். தலை எண்ணாமல் பஸ் அசையக்கூடாது. கொஞ்சம் நேரம் இருந்தால், கிரைஸ்லர் பண்ணைப் போர் நினைவுத் தூண் பக்கத்திலேயே இருக்கிறது. 1813 நவம்பர் 11இல் பிரித்தானியத் தரப்பு அமெரிக்கப் படையைத் தோற்கடித்த போர்க்களமும் பின்னாளில் தண்ணீருக்குள் போய்விட்டது. மூழ்கிய ஊர்களுக்கென்றே லோங் சூ பக்கத்தில் தனியாக ஒரு அருங்காட்சியகம் உண்டு. அதையும் பார்க்கவேண்டும் என்று குழு விரும்பினால், கோர்ன்வாலில் ஓர் இரவு தங்கும்படி பயணத்தைப் போடுங்கள்.