பாட்டில் அர்த்தம் தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு வரிகளைப் பிரித்து மேயும் ஆர்வம் நன்றாகவே தொற்றிக்கொண்டிருக்கிறது. கொழுந்து பறிக்கையில் பாடுவது, வாட்ஸ்அப்பில் சுற்றும் நாலு வரிக் கவிதை என்று எதையும் விடுவதில்லை. சந்தோஷம்தான். ஆனால் அந்த வயதில் நாங்கள் விழுந்த அதே பள்ளத்தில் வரிசையாக விழுகிறார்கள். எழுத்துப்பிழை, பாடலாசிரியர் பெயரை மாற்றிச் சொல்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் யாராவது திருத்திவிடுவார்கள்.

பொருளைப் பார்க்காமல் குறியீட்டுக்குத் தாவுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா இழுத்துப் பாடும் இரண்டு வரி:

பனி சுட்ட காடாச்சு – சாமி
படியரிசி கடனாச்சு

ஒரு கல்லூரி மாணவர் இதைப் பிடித்துக்கொண்டார். பனி எப்படிச் சுடும்? முரண்! பிரிவுத்துயர்! தலைவனின் மௌனமே பனி! இப்படியே இரண்டு பக்கம். அடுத்த வரிக்கு அதில் இடமே இல்லை, எதுகைக்காக வந்ததாம்.

நீலகிரியில் பனி சுடத்தான் செய்யும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் குளிர்காற்று இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். விடியும்போது ஓடையோரத் தேயிலை வெள்ளையாக நிற்கும். வெயில் பட்டபின் இரண்டொரு நாளில் இலை தீயில் வாட்டியதுபோலக் கருகிவிடும். கையில் எடுத்தால் நொறுங்கும். செடி பிழைத்துக்கொண்டாலும் மறுபடி துளிர்க்க வாரக்கணக்காகும். கொழுந்து இல்லையென்றால் பறிப்பு இல்லை, கூலியும் இல்லை. கடையில் அரிசி கடனுக்குத்தான். ஆக, எதுகைக்கு வந்ததாகத் தள்ளிய வரிதான் பாட்டின் உயிர்.

அதற்கப்புறம்தான் 'சாமி' கண்ணில் படும். அந்த அக்கா கூப்பிடுவது கடவுளையா, கணக்கு நோட்டோடு நிற்கும் கடைக்காரரையா? முறையிடுகிறாரா, தவணை கேட்கிறாரா? இரண்டுக்கும் அந்த வரி இடம் கொடுக்கிறது. இதை விட்டுவிட்டுத் தலைவனைத் தேடிப் போய்விட்டார் நம் மாணவர்.

கட்டுரை கல்லூரி மலரில் அச்சாகி, யாரோ அந்த அக்காவிடம் வாசித்தும் காட்டியிருக்கிறார்கள். "எங்க வீட்டு அரிசிக் கடனை லவ்வுன்னு எழுதிட்டாங்களே" என்று சிரித்தாராம். அதன்பின் போனை நீட்டிக்கொண்டு யார் போனாலும் அவர் பாடுவதில்லை. எத்தனை பாட்டு போச்சோ!

காதலாகவும் படிக்கலாமே என்பீர்கள். தாராளமாக, கருகிய இலையை ஒருமுறை பார்த்துவிட்டு.

மலை என்றாலே குறிஞ்சித் திணை

இல்லை. குறிஞ்சித் திணை சங்கப் பாட்டின் மலை; தேயிலை இந்த மலையில் ஏறியதே 19ஆம் நூற்றாண்டில்தான். தோட்டப் பாட்டை அந்தச் சட்டத்துக்குள் அடைக்காதீர்கள்.

காலக்கணக்கைக் கோட்டை விடுவது

கொடைக்கானலிலிருந்து ஒரு நண்பர் அனுப்பிய கவிதையில், "குறிஞ்சி பூக்கையில் வருகிறேன்" என்கிறான் காதலன். வசந்தத்தின் நம்பிக்கை என்று ஒரு பெண் உருகிவிட்டார். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. கவிதைக்குக் கீழே இருந்த தேதி 2019! வரமாட்டேன் என்பதை இதைவிட மரியாதையாக எவன் சொல்வான்?

பாடியவரிடமே 'அர்த்தம் என்ன?' என்று கேட்பது

"சும்மா பாடினதுதான்" என்பார். எப்போது, யார் வீட்டில் பாடினது என்று கேளுங்கள்.

வாய்பாட்டுத் தொடரைத் தனிக் கண்டுபிடிப்பாகக் கொண்டாடுவது

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பாட்டுகளை 1930களில் பதிவுசெய்த மொழியியலாளர் எமனோ, அவை இணை இணையாக வரும் மரபுத் தொடர்களால், அதாவது எல்லாரும் எடுத்தாளும் வாய்பாடுகளால், கட்டப்பட்டவை என்று காட்டினார். அங்கே ஒரு தொடரை மட்டும் பிய்த்தெடுத்து "என்ன கற்பனை!" என்று வியப்பதில் பயனில்லை. எந்தத் தொடரை எந்த நிகழ்ச்சிக்குப் பொருத்தினார்கள் என்பதில்தான் பாடியவரின் சாமர்த்தியம்.

ஊர்ப்பெயரை அலங்காரம் என்று நினைப்பது

கூடலூர், கோத்தகிரித் தோட்டப் பாட்டுகளில் கண்டியோ தலைமன்னாரோ வந்தால் தூரதேசக் கற்பனை என்று எழுதிவிடாதீர்கள். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பல இங்கேதான் குடியேறின. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாடுகிறவரின் அம்மாவே அந்தக் கப்பலில் வந்தவராக இருக்கலாம்; கேட்டுவிட்டு எழுதுங்கள்.