இரவு ஜெபமும் வராத தூக்கமும்: என் அனுபவம்

சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் மேல்நிலைத் தேர்வு நெருங்கியபோது ஒரு விநோதமான சிக்கல். ஜெபித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஜெபிக்காமல் அசதியில் விழுந்த இரவுகளில் நன்றாகத் தூங்கினேன். வாரக்கணக்கில் இப்படியே போனது.

ஜெபத்தை நீட்டினேன், விழிப்புதான் நீண்டது. காலை உபவாசம் இருந்தேன்; விரிவுரையில் தலை சுற்றியது. தோ பாயோ நூலகம் மூடும்வரை படித்துக் களைத்துப் பார்த்தேன். பயனில்லை.

எங்கள் தமிழ்ச் சபையின் போதகர் ஐயா வேதாகமத்தின் 131ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். எருசலேமுக்கு ஏறிப்போகும் யாத்திரிகர் பாடியதாகச் சொல்லப்படும் ஆரோகண சங்கீதங்களில் ஒன்று, மூன்றே வசனங்கள். தமக்கு மிஞ்சின கருமங்களில் தலையிடுவதில்லை என்கிறார் தாவீது. அடுத்த வசனத்தைத்தான் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அங்கே வருவது பால்குடிக்கும் குழந்தை அல்ல, பால் மறந்த குழந்தை. அது தாயிடம் எதையும் கேட்டு அழுவதில்லை. அவள் அருகில் இருப்பதே அதற்குப் போதும். என் இரவு ஜெபமோ பாடம் பாடமாக மதிப்பெண் கேட்கும் பட்டியல். சொல்லச் சொல்ல மனம் தேர்வு அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

விண்ணப்பங்களை எல்லாம் மாலைக்கு, புத்தகம் திறப்பதற்கு முன்னால், மாற்றினேன். எந்தப் பாடம் புரியவில்லை என்பதையும் அப்போதே கர்த்தரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் அது தெரிந்த வகுப்புத் தோழியிடம் கேட்பேன். தாழ்மைக்கு இதைவிட நல்ல பயிற்சி மாணவனுக்குக் கிடைக்காது என்பேன். இயற்பியலில் மின்புலம் எனக்கு விளங்கியதும் அப்படித்தான். இரவில் அந்த மூன்று வசனங்கள் மட்டும், வேண்டுதல் எதுவும் இல்லை.

சில நாட்களிலேயே தூக்கம் திரும்பியது. கர்த்தருக்கு நன்றி. தேர்வு முடியும்வரை இந்த வரிசையை நான் மாற்றவில்லை.